எண்ட்கேம் திரைப்படத்தின் முடிவும் காலப்பயணத் தர்க்கமும்

அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம் என்பது 2019 ஏப்ரல் 26 அன்று வெளியான ஆங்கில சூப்பர் ஹீரோ திரைப்படம். மார்வெல் திரைப்பட வரிசையில் இது 22ஆவது படம். அந்தோனி ரூஸோ, ஜோ ரூஸோ சகோதரர்கள் இயக்கினர். கிறிஸ்டோபர் மார்க்கஸ், ஸ்டீபன் மெக்ஃபீலி ஆகிய இருவரும் திரைக்கதை எழுதினர். 181 நிமிடங்கள் ஓடும் இப்படத்தின் கடைசிச் சில நிமிடங்கள் பற்றி ரசிகர்களிடையே எழுந்த வழக்கு இன்றும் தீரவில்லை. கேப்டன் அமெரிக்கா எனப்படும் ஸ்டீவ் ரோஜர்ஸ் கடந்த காலத்துக்குச் சென்று, தாம் காதலித்த பெகி கார்ட்டருடன் வாழ்ந்து, முதியவராக வந்து நிற்கிறார். இடைப்பட்ட அத்தனை ஆண்டுகளும் அவர் எங்கே இருந்தார்? முந்தைய படங்களில் நாம் பார்த்த அதே உலகத்திலா, அதிலிருந்து கிளை பிரிந்த வேறோர் உலகத்திலா? வழக்கின் மையக் கேள்வி இதுதான்.

இந்தக் கேள்வியைப் பெரும்பாலோர் இயற்பியல் புதிராகவே பார்க்கின்றனர். ஆனால் இதற்குச் சொல்லும் விடையைப் பொறுத்து ஸ்டீவ் ரோஜர்ஸ் எத்தகைய மனிதர் என்பதே மாறிவிடுகிறது. ஒரு விடையின்படி அவர் நண்பனின் துன்பத்தையும் ஒரு கொலையையும் அறிந்தே பல்லாண்டு வாய்மூடி இருந்தவர். மற்றொரு விடையின்படி அப்படி இருந்திருக்க வேண்டியதில்லை. படத்தை எடுத்தவர்களே இந்த இரண்டு விடைகளில் ஆளுக்கொன்றைச் சொன்னதால் வழக்கு மேலும் சிக்கலானது.

முடிவுக் காட்சி

2018இல் வெளியான இன்ஃபினிட்டி வார் படத்தில் தானோஸ் என்பவன் ஆறு முடிவிலிக் கற்களைச் சேர்த்து, விரலைச் சொடுக்கி, அண்டத்தின் உயிர்களில் பாதியை அழித்துவிடுகிறான். எண்ட்கேம் கதை ஐந்து ஆண்டுகள் கழித்து, 2023இல் நடக்கிறது. எஞ்சிய வீரர்கள் பிம் துகள் என்னும் பொருளின் துணையோடு கடந்த காலத்துக்குப் போய், அங்கிருந்து கற்களை இரவல் வாங்கி வந்து, மாண்டவர்களை மீட்கின்றனர். 2014ஆம் ஆண்டுத் தானோஸ் இதை அறிந்து தன் படையோடு 2023க்கே வந்துவிடுகிறான். இறுதிப் போரில் அயன் மேன் எனப்படும் டோனி ஸ்டார்க் உயிரைக் கொடுத்து அவனை அழிக்கிறார்.

இரவல் வாங்கிய கற்களைத் திருப்பி வைக்க ஸ்டீவ் தனியாகப் புறப்படுகிறார். எவ்வளவு காலம் ஆனாலும் காத்திருப்பவர்களுக்கு அது ஐந்து விநாடிதான். ஐந்து விநாடி கழிகிறது. மேடையில் அவர் வரவில்லை. சற்றுத் தொலைவில் ஏரிக்கரை இருக்கையில் ஒரு முதியவர் அமர்ந்திருப்பதை நண்பர் பக்கி காண்கிறார். சாம் வில்சன் போய்ப் பேசுகிறார். கற்களை வைத்த பிறகு, டோனி அடிக்கடி சொன்ன அந்த இயல்பான வாழ்க்கையை வாழ்ந்து பார்க்கலாம் என்று தோன்றியதாக முதியவர் சொல்கிறார். கேடயத்தைச் சாமிடம் கொடுக்கிறார். விரலில் திருமண மோதிரம். அடுத்து, ஒரு வீட்டில் ஸ்டீவும் பெகியும் நடனமாடும் காட்சியோடு படம் முடிகிறது.

இந்த நடனத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 2011இல் வந்த முதல் கேப்டன் அமெரிக்கா படத்தின் இறுதியில், விமானத்தோடு பனிக்கடலில் விழப்போகும் ஸ்டீவ், வானொலியில் பெகியிடம் ஒரு சனிக்கிழமை நடனத்துக்கு நேரம் குறிக்கிறார். போக முடியவில்லை. எட்டு ஆண்டுகள் காத்திருந்த பார்வையாளருக்கு அந்த நிலுவை தீர்வது பெரிய நிறைவு. திரையரங்கில் கண் கலங்கியவர்கள் யாரும் அப்போது காலக்கோட்டைப் பற்றி எண்ணியிருக்க மாட்டார்கள். வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் ஐயம் தொடங்கியிருக்கும்.

படமே வகுத்த விதி

காலப்பயணக் கதைகளை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் மாணவர்களுக்கு வழக்கு எளிதாகப் புரியும். கடந்த காலத்தை மாற்றினால் நிகழ்காலமும் மாறும் என்பது முதல் வகை. 1985இல் வந்த பேக் டு தி ஃப்யூச்சர் இதற்குப் பெயர்போனது. நாயகனின் பெற்றோர் சேராமல் போகும் நிலை வரும்போது, அவன் கையிலுள்ள புகைப்படத்திலிருந்து உடன்பிறந்தவர்கள் மறையத் தொடங்குகின்றனர். தமிழில் ஆர். ரவிக்குமார் இயக்கிய இன்று நேற்று நாளை (2015) இவ்வகையைச் சேர்ந்தது. சாக வேண்டிய ரவுடி ஒருவன் காலப்பயணிகளின் செயலால் பிழைத்துவிட, அவர்களுடைய நிகழ்காலமே தலைகீழாகிறது. எதையும் மாற்ற முடியாது, பயணி செய்தது எல்லாம் முன்பே நடந்த கதையின் பகுதியே என்பது இரண்டாம் வகை. ஹாரி பாட்டர் வரிசையில் 2004இல் வந்த அஸ்கபான் கைதி பற்றிய படம் நல்ல சான்று. ஏரிக்கரையில் தன்னைக் காப்பாற்றியது யார் என்று வியந்த ஹாரி, பின்னர் காலத்தில் திரும்பிச் சென்று தானே அதைச் செய்கிறான். கடந்த காலத்தில் கை வைத்தால் அங்கிருந்து ஒரு புதிய உலகம் கிளைக்கும், பழைய உலகம் அப்படியே இருக்கும் என்பது மூன்றாம் வகை.

எண்ட்கேம் தன்னை மூன்றாம் வகையில் வெளிப்படையாகச் சேர்த்துக்கொள்கிறது. குழந்தைத் தானோஸைக் கொன்றுவிட்டால் என்ன என்று ரோடி கேட்கும்போது, ஹல்க் வடிவிலுள்ள புரூஸ் பானர் அது பயன்படாது என்கிறார். நீ கடந்த காலத்துக்குப் போனால் அதுவே உனக்கு எதிர்காலம்; நீ விட்டு வந்த நிகழ்காலம் உனக்கு இறந்தகாலம்; நடந்து முடிந்ததை உன் புதிய எதிர்காலத்தால் மாற்ற முடியாது. இதுவே அவர் விளக்கத்தின் சாரம். முக்காலம் படித்த தமிழ் மாணவருக்கு இது கடினமன்று. உலகத்துக்கு இறந்தகாலமான ஒரு நாள் பயணிக்கு எதிர்காலமாகிறது, அவ்வளவே. ஹல்க் சொல்வதை நெபுலா செயலில் காட்டிவிடுகிறாள். 2023ஆம் ஆண்டு நெபுலா, 2014இலிருந்து வந்த தன் இளைய வடிவத்தைச் சுட்டுக் கொல்கிறாள். ஆனாலும் அவள் மறைவதில்லை.

இந்த இடத்தில் படம் சற்றுப் பெருமையும் அடித்துக்கொள்கிறது. ரோடியும் ஸ்காட் லாங்கும் காலப்பயணப் படங்களின் பெயர்களை அடுக்க, அவை சொல்வதெல்லாம் தவறு என்று படம் கேலி செய்கிறது. டோனி ஸ்டார்க் டாய்ட்ச் என்ற பெயரையும் ஒரு வசனத்தில் சொல்கிறார். இது வெறும் அலங்காரச் சொல் அன்று. பிரித்தானிய இயற்பியலாளர் டேவிட் டாய்ட்ச் 1991இல் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை ஒன்றில், கடந்த காலத்துக்குச் செல்லும் பாதைகளைக் குவாண்டம் கோட்பாட்டின்படி ஆராய்ந்தார். பல உலகக் கொள்கையோடு சேர்த்துப் பார்த்தால், பயணி சென்று சேர்வது வேறோர் உலகத்தின் கடந்த காலம். தன் தாத்தாவைக் கொன்றால் தான் எப்படிப் பிறந்தான் என்ற பழைய முரண் அங்கே எழாது. இரண்டாம் வகைக் கதைகளுக்கும் இயற்பியலில் துணை உண்டு. தன்னோடு முரண்படாத நிகழ்ச்சிகளே நிகழும் என்று ரஷ்ய இயற்பியலாளர் இகோர் நோவிகோவ் முன்வைத்த கொள்கை அது.

பிறர் விதியைக் கேலி செய்துவிட்டுத் தன் விதியை நிறுவும் படத்தை அதன் விதியைக் கொண்டே அளப்பதில் தவறில்லை. 1978இல் வந்த சூப்பர்மேன் படத்தின் முடிவை ஒப்பிட்டால் இது விளங்கும். நிலநடுக்கத்தில் லோயிஸ் லேன் இறந்துவிட, சூப்பர்மேன் பூமியை வேகமாகச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னோக்கித் திருப்புகிறார். பூமி எதிர்ப்பக்கம் சுழல்வதால் காலம் திரும்பியதா, காலம் திரும்பியதால் பூமி எதிர்ப்பக்கம் சுழல்வதுபோல் தெரிந்ததா என்று ரசிகர்கள் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பேசிவருகின்றனர். ஆயினும் அந்தப் பேச்சில் கோபம் குறைவு. அந்தப் படம் விதி எதையும் வகுக்கவில்லை. மனித வரலாற்றில் தலையிடாதே என்ற தந்தையின் தடையை மகன் காதலுக்காக மீறுகிறான் என்பதுதான் அங்கே கதை. எண்ட்கேம் அப்படி இல்லை. தானே வினாத்தாளும் எழுதி, விடைக்குறிப்பும் கொடுத்துவிட்டு, கடைசி வினாவுக்கு மட்டும் குறிப்பைத் தாண்டி விடை எழுதிவிட்டது.

இரண்டு கட்சிகள்

இயக்குநர்களான ரூஸோ சகோதரர்கள், படம் வெளிவந்தபின் அளித்த நேர்காணல்களில், ஸ்டீவ் கடந்த காலத்துக்குச் சென்றதும் ஒரு கிளை உலகம் உருவானது என்றும், அதில்தான் அவர் பெகியோடு வாழ்ந்தார் என்றும் கூறினர். அப்படியானால் கேடயத்தைக் கொடுக்க இந்த உலகத்துக்கு எப்படித் திரும்பி வந்தார் என்ற கேள்விக்கு, அது தனிக்கதை என்ற அளவில் நிறுத்திக்கொண்டனர்.

திரைக்கதை எழுதிய மார்க்கஸும் மெக்ஃபீலியும் இதை ஏற்கவில்லை. ஸ்டீவ் வாழ்ந்தது இதே உலகம்தான் என்றனர். ஏறக்குறைய 1940களின் பிற்பகுதியிலிருந்து இரண்டு ஸ்டீவ்கள் ஒரே உலகத்தில் இருந்தனர். ஒருவர் பனியில் உறைந்து கிடந்தார், மற்றவர் பெகியின் கணவராகப் பெயர் வெளியில் தெரியாமல் வாழ்ந்தார். ஏரிக்கரைக்கு அவர் காலப்பயணம் செய்து வரவில்லை. வயதாகி, நடந்து வந்து அமர்ந்தார். இது நோவிகோவ் வகை விடை.

ரசிகர்களும் இதே இரண்டு கட்சியாகப் பிரிந்தனர். எழுத்தாளர் கட்சிக்கு உள்ள பெரிய கவர்ச்சி, முந்தைய படங்களில் விட்டுவைத்த ஓர் இடைவெளி. 2014இல் வந்த தி வின்டர் சோல்ஜர் படத்தில், அருங்காட்சியகம் ஒன்றில் பெகியின் பழைய நேர்காணல் ஓடுகிறது. போரில் ஸ்டீவ் காப்பாற்றிய வீரர்களில் ஒருவரே பின்னாளில் தம் கணவரானார் என்கிறார் அவர். கணவரின் பெயர் சொல்லப்படவில்லை, முகமும் காட்டப்படவில்லை. அந்த வெற்றிடத்தில் ஸ்டீவைப் பொருத்திப் பார்ப்பது ரசிகர்களுக்கு இனிப்பாக இருந்ததில் வியப்பில்லை. ஆனால் ஸ்டீவ் காப்பாற்றிய வீரர் என்றால் அது ஸ்டீவ் அல்லாத ஒருவர் என்றுதான் எவரும் பொருள் கொள்வர். பெகி பொய் சொன்னார் என்று வைத்துக்கொண்டால் மட்டுமே மறுபொருள் கிடைக்கும்.

கற்களைப் பற்றிய வாதம்

எழுத்தாளர் கட்சியின் வாதத்தை இலேசாகத் தள்ளிவிட முடியாது. 2012ஆம் ஆண்டு நியூயார்க்கில், ஏன்ஷியன்ட் ஒன் என்னும் மூத்த மந்திரவாதி புரூஸ் பானருக்குத் தரும் விளக்கத்தை அவர்கள் சுட்டுகின்றனர். ஒரு முடிவிலிக் கல்லை அதன் காலத்திலிருந்து எடுத்தால் அந்த உலகம் கிளை பிரிந்து துன்புறும் என்கிறார் அவர். எடுத்த நொடியிலேயே திருப்பி வைத்துவிட்டால் கிளையே இராது என்று பானர் வாக்களிக்கிறார். ஆகவே கிளைக்குக் காரணம் கல்லை எடுப்பது. வெறும் பயணம் அன்று. ஸ்டீவ் எந்தக் கல்லையும் எடுக்கவில்லை, கொண்டுபோய் வைத்தார். எனவே கிளை தோன்ற வேண்டியதில்லை என்பது அவர்கள் முடிவு.

படத்தை மீண்டும் ஒருமுறை வரிசையாகப் பார்த்தால் இதற்கு எதிர்பாராத வலு கிடைக்கிறது. வீரர்கள் கற்களுக்காகச் செல்லும் ஆண்டுகள் 1970, 2012, 2013, 2014. நான்கிலும் ஏதேனும் ஒரு கல் எடுக்கப்படுகிறது. 2012இல் லோகி தப்பி ஓடுவதும் ஒரு கல்லோடுதான். ஆக, கிளைக்குக் காரணம் பயணமா, கல்லா என்று பிரித்துக் காட்டும் சோதனை இந்த நான்கிலும் இல்லை. கல் எதையும் எடுக்காத கடந்தகாலப் பயணங்கள் படத்தில் இரண்டே. ஒன்று ஸ்டீவின் கடைசிப் பயணம். மற்றொன்றைப் பலர் மறந்துவிடுகின்றனர்: கிளின்ட் பார்ட்டனின் வெள்ளோட்டம். தம் பழைய வீட்டுக்குப் போய், மகளின் குரலைக் கேட்டு, பேஸ்பால் கையுறை ஒன்றோடு அவர் திரும்புகிறார். அந்த வீட்டுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதைப் படம் சொல்லவில்லை.

இருந்தும் இவ்வாதம் 2014இல் இடறுகிறது. அந்த ஆண்டில் எடுத்த கற்களை ஸ்டீவ் திருப்பி வைத்துவிட்டதாகவே கொள்வோம். ஆனால் அங்கிருந்து தானோஸும் அவன் படையும் 2023க்கு வந்து அழிந்துவிட்டனர். இளைய நெபுலா இறந்துவிட்டாள். கமோரா திரும்பியதாகக் காட்டவில்லை. கற்கள் தம் இடத்தில் இருந்தாலும் அந்த 2014இலிருந்து 2018 வரும்போது விரல் சொடுக்க ஆள் இல்லை. அந்த உலகமும் நாம் அறிந்த உலகமும் ஒன்றாக இருக்க வழியே இல்லை. ஆக, கல் இல்லாமல் போவது மட்டுமே கிளைக்குக் காரணம் என்பது நிற்கவில்லை. ஓர் ஆள் இல்லாமல் போவதும் போதும். ஓர் ஆள் இல்லாமல் போனால் கிளைக்கும் உலகம், ஓர் ஆள் கூடுதலாக வந்து எழுபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தால் மட்டும் கிளைக்காது என்பதற்குப் படத்தில் ஆதாரம் இல்லை. மூத்த மந்திரவாதி சொன்னது கிளைகளில் மிகக் கேடானதைப் பற்றி. ஹல்க் சொன்னது பொது விதி. இரண்டையும் முரண்படாமல் சேர்த்துப் படிக்க இதுவே வழி. பொது விதியைச் சிறப்பு விதி சில இடங்களில் கட்டுப்படுத்தும். அடியோடு நீக்கிவிடாது என்பதை இலக்கணம் பயின்றோர் அறிவர்.

ரசிகர்கள் கண்டெடுத்த இன்னொரு தடயம் கேடயம். இறுதிப் போரில் தானோஸின் வாள்வீச்சில் ஸ்டீவின் கேடயம் உடைகிறது. படம் இதை நெருக்கமாகவே காட்டுகிறது. முதியவர் உறையிலிருந்து எடுத்துக் கொடுப்பதோ முழுக் கேடயம். அது எங்கிருந்து வந்தது? இதே உலகில் ஒளிந்து வாழ்ந்தவரிடம் இன்னொரு கேடயம் இருந்ததற்குக் காரணம் தேட வேண்டும். வேறோர் உலகிலிருந்து வந்தவர் என்றால் அங்கிருந்து கொண்டுவந்தார் எனலாம். அந்தக் காட்சியை அமைத்தவர்கள் இயக்குநர்கள் என்பதையும் நினைவில் கொள்ளலாம். இது முடிந்த முடிவான சான்று அன்று. ஆனால் கிளைக் கட்சியின் பக்கம் தராசு சாய்வதை மறுக்க முடியாது.

எதிர்ப்பக்கச் சான்றும் உண்டு. காலத்தில் சென்ற ஒவ்வொருவரும் திரும்பும்போது மேடையில்தான் வந்து சேர்கின்றனர். வேறோர் உலகிலிருந்து ஸ்டீவ் வந்திருந்தால் அவரும் மேடையில் தோன்றியிருக்க வேண்டும். ஏரிக்கரைக்கு எப்படி வந்தார்? இயக்குநர்களின் விடைக்கு, படத்தில் காட்டப்படாத இன்னொரு பயணம் தேவைப்படுகிறது. அவர்கள் பக்கத்தில் இதுவே பெரிய ஓட்டை.

இரண்டு ஸ்டீவ்களும் ஒரு மௌனமும்

தர்க்கத்தைப் பற்றிய வழக்கு குணச்சித்திரத்தைப் பற்றிய வழக்காக மாறுவது இங்கேதான். எழுத்தாளர்களின் விடையை ஏற்று, ஸ்டீவ் இதே உலகில் 1940களின் பிற்பகுதியிலிருந்து வாழ்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது அவர் எதையெல்லாம் அறிந்திருந்தார்?

இறந்துவிட்டதாக எல்லோரும் எண்ணும் பக்கி உயிரோடு இருக்கிறான் என்பதை அறிவார். ஹைட்ரா என்னும் கொடிய அமைப்பு அவனைப் பிடித்து வைத்து, நினைவை அழித்து, உறைய வைத்து, வேண்டும்போது எழுப்பிக் கொலை செய்ய அனுப்புகிறது என்பதை அறிவார். தம் மனைவி நிறுவி நடத்தும் ஷீல்டு அமைப்புக்குள்ளேயே அதே ஹைட்ரா வளர்ந்து வருவதை அறிவார். 1991 டிசம்பர் 16 அன்று பக்கியின் கையால் ஹோவர்ட் ஸ்டார்க்கும் அவர் மனைவி மரியாவும் கொல்லப்படுவார்கள் என்பதையும் அறிவார். ஹோவர்ட் ஸ்டார்க் போர்க்காலத்தில் ஸ்டீவுக்கு உற்ற துணையாக இருந்தவர். அந்தக் கேடயத்தையே கொடுத்தவர்.

இத்தனையும் தெரிந்த ஒருவர், மாலையில் இசைத்தட்டைப் போட்டு மனைவியோடு நடனமாடிக்கொண்டிருந்தார் என்று நாம் நம்ப வேண்டும்.

முந்தைய படங்களில் ஸ்டீவ் எத்தகையவர்? 2016இல் வந்த சிவில் வார் முழுவதும் இதற்கு விடை. பக்கி ஒருவனுக்காக அவர் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் ஒப்பிய உடன்படிக்கையை எதிர்த்தார், நண்பர்களை எதிர்த்தார், கடைசியில் கேடயத்தையும் போட்டுவிட்டுப் போனார். அப்படத்தின் உச்சக் காட்சியில் டோனி உடைந்துபோவது பெற்றோரைக் கொன்றது யார் என்று தெரிந்ததனால் மட்டும் இல்லை. அது ஸ்டீவுக்கு முன்பே தெரியும், சொல்லவில்லை என்பதனாலும்தான். அந்த மௌனத்தை ஸ்டீவின் மிகப் பெரிய குறையாக அப்படம் காட்டியது. சில காலம் மறைத்ததே அவ்வளவு பெரிய பிளவை உண்டாக்கியது என்றால், கொலை நடக்கும் முன்பே அறிந்து, தடுக்கும் வலிமையும் இருந்து, நாற்பதாண்டுக்கு மேல் காத்திருந்து அதை நடக்கவிட்டது எவ்வளவு பெரியது? எழுத்தாளர்களின் விடையில் இந்தச் சுமை ஸ்டீவின் தலையில் ஏறுகிறது. முதியவரின் முகத்தில் தெரியும் அமைதியோடு அது பொருந்தவில்லை.

நடந்ததை மாற்ற முடியாது என்பதால் அவர் சும்மா இருந்தார் என்று எழுத்தாளர் கட்சியினர் பதில் சொல்வர். முயன்றாலும் முடிந்திருக்காது என்பது நோவிகோவ் உலகத்தின் இயல்பு, உண்மைதான். ஆனால் முயன்று தோற்ற ஸ்டீவை நாம் எங்கும் காணவில்லை. முயலவே இல்லை என்றால் அவர் ஸ்டீவாக இல்லை. முயன்றார், தோற்றார் என்றால் அது மகிழ்ச்சியான வாழ்க்கை இல்லை. இரண்டில் எதுவானாலும் அந்தக் கடைசி நடனம் கசந்துபோகிறது.

வேறு சில உறுத்தல்களும் உள்ளன. தி வின்டர் சோல்ஜர் படத்தில் மூப்பினால் நினைவு தடுமாறும் பெகி, படுக்கையருகே இளம் ஸ்டீவைப் பார்த்து, இத்தனை காலம் கழித்து உயிரோடு வந்தாயா என்று அழுகிறார். வீட்டில் ஸ்டீவையே கணவராகக் கொண்டவர் என்றால் இக்காட்சியின் உருக்கம் குழம்பிவிடுகிறது. எண்ட்கேமிலேயே, 1970இல் பெகியின் அலுவலக மேசையில் இருப்பது ஒல்லி ஸ்டீவின் படம். இழந்தவரின் நினைவாக வைத்த படம் என்று கொண்டால்தான், கண்ணாடிக்கு அப்பால் நின்று ஸ்டீவ் பார்க்கும் அந்தப் பார்வைக்கு வலி உண்டு. சிவில் வார் படத்தில் ஸ்டீவ் முத்தமிடும் ஷாரன் கார்ட்டர் பெகியின் உறவுக்காரப் பெண் என்பதையும் ரசிகர்கள் விடவில்லை. எழுத்தாளர்களின் விடைப்படி அந்தப் பெண்ணுக்கு முதிய ஸ்டீவ் என்ன முறை ஆகவேண்டும் என்ற கேலியை உறவுமுறை பார்க்கும் தமிழ் ரசிகருக்கு விளக்கத் தேவையில்லை.

கிளை உலகம் என்னும் விடை ஸ்டீவை இந்தப் பழியிலிருந்து காக்கிறது. அங்கே அவர் பக்கியை மீட்டிருக்கலாம், ஹைட்ராவை வேரறுத்திருக்கலாம், ஸ்டார்க் தம்பதியைக் காத்திருக்கலாம். அவ்வுலகின் எதிர்காலம் எழுதப்படாதது. நடனக் காட்சியைக் குற்ற உணர்வின்றி ரசிக்க இந்த விடையே இடம் தருகிறது. கிளைக் கட்சி வலுவானது என்பதற்கு விதியைவிட இதுவே சிறந்த காரணம்.

இக்கட்சியினர் பொதுவாகப் பேசாமல் விடும் ஒரு கேள்வியும் இருக்கிறது. கிளை உலகத்திலும் வடதுருவப் பனிக்கடியில் ஓர் இளம் ஸ்டீவ் உறைந்து கிடப்பார். அவர் கிடக்கும் இடம் அங்கு வந்த ஸ்டீவுக்குத் தெரியும். தோண்டி எடுத்தாரா? எடுத்திருந்தால், அதே சனிக்கிழமை நடனத்துக்கு நேரம் குறித்து, அதே பெகியை நினைத்துக்கொண்டு விழித்தெழும் அந்த இளைஞரிடம் என்ன சொன்னார்? எடுக்காமல் விட்டிருந்தால் அதுவும் ஒரு மௌனந்தான். அளவில் சிறியது, தன்மையில் வேறுபட்டதன்று.

எடுத்தவர் சொல்லும் எடுத்த படமும்

இயக்குநர் சொன்னதே சரி, எழுத்தாளர் சொன்னதே சரி என்று நேர்காணல்களைக் காட்டி வாதிடும் பழக்கம் இந்த வழக்கில் மிகுதி. ஒரு படைப்பின் பொருளுக்கு ஆக்கியோனின் சொல்லே இறுதி ஆதாரம் என்ற நம்பிக்கை இதன் அடியில் உள்ளது. எண்ட்கேம் அந்த நம்பிக்கையைச் சோதிக்க மிகப் பொருத்தமான படம். ஒரே படத்தை ஆக்கிய இரு தரப்பினர், ஒரே கோடைக்காலத்தில், எதிரெதிர் விடைகளைச் சொல்லிவிட்டனர். இருவரில் யாரை ஆசிரியர் என்பது? திரைப்படத்துக்கு ஆசிரியர் ஒருவரே என்று சொல்ல முடியாதபோது, திரையில் இருப்பதை வைத்துப் பேசுவதைத் தவிர வேறு வழியில்லை. கேடயத்தையும் கையுறையையும் மேசைப் படத்தையும் பொறுமையாகத் தேடிப் பிடித்த ரசிகர்கள் செய்தது அதைத்தான். பழைய உரையாசிரியர்கள் ஒரு செய்யுளின் இரு இடங்களை முரண்படாமல் இயைத்துக் காட்ட மெனக்கெட்டதுபோன்ற வேலை அது. பொழுதுபோக்கு என்று ஒதுக்கத் தக்கதன்று. நேர்காணலில் யார் என்ன சொன்னார் என்று பட்டியலிடுவது வேறு வேலை.

தமிழ்ப் பார்வையாளர்கள் பலர் இப்படத்தை மொழிமாற்றத்தில் பார்த்தனர். ஏ. ஆர். முருகதாஸ் தமிழ் வசனம் எழுத, அயன் மேனுக்கு விஜய் சேதுபதி குரல் கொடுத்தார். அக்குரல் பொருந்தியதா என்பது வேறொரு வழக்கு. எந்த மொழியில் பார்த்தாலும், விதியைச் சொல்லும் ஹல்க்கின் பேச்சு நகைச்சுவைக்கிடையே விரைந்து கடந்துவிடுகிறது. முடிவைப் பற்றி வாதிட விரும்புவோர் அந்தப் பகுதியையும், 2012ஆம் ஆண்டு மாடிக் காட்சியையும் இன்னொரு முறை நிதானமாகப் பார்ப்பது நல்லது.

2021 ஜூன் மாதம் வெளியான லோகி தொடர் இவ்வழக்கில் ஒரு புதிய நீதிமன்றத்தையே கொண்டுவந்தது. காலக்கோட்டைக் காக்கும் ஓர் அமைப்பு அதில் வருகிறது. கல்லோடு தப்பிய லோகியை அது கைதுசெய்கிறது. அவெஞ்சர்ஸ் காலத்தில் சென்று வந்ததற்கு ஏன் தண்டனை இல்லை என்று லோகி கேட்க, அவர்கள் செய்தது நடக்க வேண்டியதே, நீ தப்பியதுதான் நடக்கக் கூடாதது என்கிறார் அங்குள்ள நீதிபதி. கதைக்கு வசதியான பதில். ஆனால் தர்க்கத்துக்கு எதையும் சேர்க்காத பதில். எது கிளை, எது நேர்க்கோடு என்பதை இனி விதி தீர்மானிக்காது, அதிகாரிகள் தீர்மானிப்பார்கள் என்றாகிவிட்டது. ஏரிக்கரையில் அமர்ந்த முதியவர் எந்த வழியாக வந்தார் என்பதற்கு அந்தப் பதிலில் இடமில்லை. சாம் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்கும்போது அவரும் சொல்ல மறுத்துவிடுகிறார்.